நரம்புக்கலமாக மாறாத மூலக்கலங்கள்: கொழுப்புப் பக்கம் இருந்து பிழை தேடுதல்

வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலங்களை நரம்புக்கலங்களாக மாற்றும் வேலை பிசகினால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது வளர்ச்சிக் காரணிகளைத்தான். நொகின் பழசா, பீடீஎன்எஃப் போட்டது காணாதா, ரெற்றினோயிக் அமிலம் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போச்சா என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வாங்கிப் பட்ஜெட் கரைந்த பிறகும் கலம் வளர்க்கும் டிஷ்ஷில் அதே கதை. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வில் இருக்கும் இலிப்பிட்டுகளை, அதாவது கொழுப்பு வகைப் பொருள்களை, யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கல வளர்ப்புச் செய்கிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி, ஏனென்றால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களின் வெக்கை, மாரியின் ஈரம், திடீரென்று போகும் கரண்ட், கொழும்பில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வரும் ரெஜிபோம் பெட்டி, இவை எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் கை வைப்பது ஊடகத்தில், அதாவது கலத்தை வளர்க்கும் திரவத்தில், இருக்கும் கொழுப்பில்.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால்தான் கீழே சொல்வது பிடிபடும். மனிதப் பல்திறன் மூலக்கலத்தின் (உடலின் எந்தக் கலமாகவும் மாறக்கூடியது) வெளிப்பரப்பில் குளோபோ வகைக் கிளைக்கோ இலிப்பிட்டுகள் (சீனித் தலை உள்ள இலிப்பிட்டுகள்) நிறைய இருக்கும். அடையாளத்துக்கு நாம் பார்க்கிற எஸ்எஸ்இஏ-3, எஸ்எஸ்இஏ-4 இரண்டும் அந்தக் குடும்பம்தான். கலம் நரம்புப் பாதையில் இறங்கியதும் அந்தக் குடும்பம் ஒதுங்கி, சியாலிக் அமிலம் சுமக்கும் இன்னொரு கிளைக்கோ இலிப்பிட்டுக் குடும்பமான காங்கிலியோசைட்டுகள் ஏறும்: நரம்பு மூலக்கலத்தில் ஜீடீ3 மேலோங்கும், முதிர்ந்த நரம்புக்கலத்தில் ஜீஎம்1, ஜீடீ1ஏ, ஜீடீ1பீ, ஜீரீ1பீ. இதெல்லாம் வெறும் அடையாள அட்டை என்று நினைக்க வேண்டாம். ஜீடீ3 ஈஜீஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியோடு சேர்ந்து நின்று நரம்பு மூலக்கலம் பெருகிக்கொண்டிருக்க உதவுகிறது, அதை ஆக்கும் நொதி இல்லாத சுண்டெலிகளில் அந்தப் பெருக்கம் குறைந்துவிடும். 2018இல் இத்தாலியின் நாப்பொலியில் இருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போய், ஜீஎம்1 ஏயூரீஎஸ்2 என்ற மரபணுவைத் தூண்டுகிறது, அது குளோபோ பக்கத்தை அடைத்துவிடுகிறது என்று காட்டியது. ஆக, கலத்தின் தலைவிதியில் மென்சவ்வுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது.

சரி, உங்கள் டிஷ்ஷில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

ஊடகம் மாற்றியதும் நீட்டங்கள் சுருங்கி, கலங்கள் உருண்டு போகின்றன

நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும். கலத்தில் இருந்து கிளைபோல் நீளும் நீட்டத்தின் விரிந்திருந்த நுனி முதலில் மடங்கும், பிறகு நீட்டம் மெலிந்து பின்னுக்கு இழுபடும், சில நிமிடத்தில் கலம் உருண்டு அதைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வெள்ளை வளையம் தெரியும். கலம் செத்துவிட்டது என்று அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம், அநேகமாக உயிரோடுதான் இருக்கும்.

முதல் சந்தேகம் சீரம், அதாவது உறைந்த இரத்தத்தில் இருந்து பிரியும் திரவம். சீரத்தில் லைசோபொஸ்பற்றிடிக் அமிலம், சுருக்கமாக எல்பீஏ, என்று ஒரு சின்ன இலிப்பிட்டு இருக்கிறது. இரத்தம் உறையும்போது குருதிச் சிறுதட்டுகள் வழியாக உண்டாவதால் பிளாஸ்மாவை விடச் சீரத்தில் இது மிக அதிகம். கல மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் இது போய் ஒட்டினால் ரோ, ரொக் என்ற பாதை தூண்டப்பட்டு, கலத்துக்குள் இருக்கும் அக்ரின் இழைகள் இறுகி, நீட்டம் உள்ளே இழுபடுகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. மனித மூலக்கலத்தில் இருந்து எடுத்த நரம்பு முன்னோடிக் கலங்களில் எல்பீஏ நரம்புக்கலமாக மாறுவதையே தடுக்கும்.

"நாங்கள் சீரமே போடுவதில்லையே" என்பார்கள். கலங்களை டிஷ்ஷில் இருந்து கழற்றும் ட்ரிப்சின் நொதியை நிறுத்த என்ன போட்டீர்கள் என்று கேட்டால் பதில் வந்துவிடும். பத்து வீதச் சீரம் போட்டு நிறுத்தி, அரைகுறையாகச் சுழற்றி, அடியில் கொஞ்சத்தை மிச்சம் வைத்து அப்படியே புது டிஷ்ஷில் ஊற்றினால் எல்பீஏயும் கூடவே வரும். 56 பாகையில் அரை மணித்தியாலம் சீரத்தைச் சூடாக்கினோமே என்றால், அது கொம்பிளிமென்ற் புரதங்களுக்கான வைத்தியம், இலிப்பிட்டு அந்தச் சூட்டுக்கு அசையாது. கரியால் வடித்த சீரத்தில் எல்பீஏ குறையும், ஆனால் நல்ல கொழுப்பும் சேர்ந்தே போய்விடும். நான் சொல்வது: ட்ரிப்சினுக்குப் பதில் அக்கியூட்டேஸ் என்ற கழற்றும் நொதியைப் பாவித்து நிறையச் சீரமில்லா ஊடகத்தால் ஐதாக்கி இரண்டு தரம் கழுவுங்கள், அல்லது சோயா ட்ரிப்சின் தடுப்பியால் நிறுத்துங்கள்.

உறுதிப்படுத்த வேண்டுமா? ஒரு கிணற்றில் (வளர்ப்புத் தட்டில் உள்ள குழி) மட்டும் ரொக் தடுப்பி வை-27632 போடுங்கள். அந்தக் கிணற்றில் நீட்டங்கள் திரும்பி வந்து பக்கத்துக் கிணற்றில் வராவிட்டால் பாதை அதுதான். ஆனால் ரொக் தடுப்பியையே நிரந்தர மருந்தாக்கிவிடாதீர்கள், அது எந்தக் கலத்துக்கும் நீட்டம் முளைக்க வைத்து உங்களை ஏமாற்றும்.

புதுப் போத்தல் உடைத்த நாளில் இருந்து கலங்கள் மெலிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன

"அக்கா, ஃபோர்முலா ஒண்டும் மாத்தேல்ல, புதுப் போத்தல்தான்" என்று பிள்ளைகள் வந்து நின்றால் நான் முதலில் கேட்பது போத்தல் வந்த பெட்டியைப் பற்றி. ஊடகத்தில் சேர்க்கும் பீ27 என்ற கலவையில் லினோலெயிக், லினோலெனிக் என்ற இரண்டு பல்நிரம்பாக் கொழுப்பமிலங்கள் இருக்கின்றன, ரெற்றினைல் அசற்றேற்று இருக்கிறது, இவற்றைக் காக்க விற்றமின் ஈ, குளுதாதயோன், கற்றலேஸ் எல்லாம் இருக்கின்றன. வழியில் உருகித் திரும்ப உறைந்த போத்தலில் அந்தக் காவலில் எவ்வளவு மிச்சம் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய நல்லெண்ணெய் காறிப்போவது மாதிரித்தான் இதுவும், என்ன, எண்ணெய் என்றால் மூக்கு சொல்லும், 10 மில்லிலீற்றர் போத்தல் சொல்லாது.

பெட்டி வந்து சேரும்போது பாருங்கள்: ஐஸ் பைகள் கல்லாக இருக்கின்றனவா, விரலால் அமுக்கினால் பதிகின்றனவா, போத்தல் சரிந்த நிலையில் உறைந்திருக்கிறதா, மூடிக்குள் பனித் துகள் ஒட்டியிருக்கிறதா. சரிந்து கிடந்த போத்தலின் உள்ளே திரவ மட்டம் தரைக்குச் சமாந்தரமாக உறைந்திருந்தால் அது வழியில் உருகி, சரிந்த இடத்திலேயே திரும்ப உறைந்திருக்கிறது. அப்படியானதை விசேஷமான பரிசோதனைக்கு எடுக்காதீர்கள்.

நல்லதாக வந்தால் உடனே சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, வெளிச்சம் படாமல் உறைய வைத்துவிடுங்கள். உருக்கியதை 4 பாகையில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடியுங்கள், திரும்ப உறைய வைக்க வேண்டாம். கரண்ட் போனால் குளிரூட்டியைத் திறக்காதீர்கள், என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தைத் தாண்டி வந்த எந்தக் கொழுப்பமிலக் கரைசலையும் நான் இன்றைக்கும் நம்ப மாட்டேன்.

ஒட்சியேற்றம்தான் காரணமா என்று பார்க்க நேர்வழி ஒன்று இருக்கிறது. ஒரு கிணற்றில் விற்றமின் ஈ, இன்னொன்றில் ஃபெரோஸ்ரற்றின்-1, மூன்றாவதில் கரைப்பான் மட்டும். முதல் இரண்டிலும் கலங்கள் தப்பி மூன்றாவதில் செத்தால், மென்சவ்வுக் கொழுப்பு பெரொக்சைட்டாகிச் சாகிற சாவு, அதாவது ஃபெரொப்ரோசிஸ். இதற்கு எதிராகக் கலம் வைத்திருக்கும் முக்கிய நொதியான ஜீபீஎக்ஸ்4க்கு செலனியம் தேவை. ஊடகத்தில் சேர்க்கும் இன்னொரு கலவையான என்2 கரைசலைக் கையால் கலக்குகிறீர்கள் என்றால் செலனைற்று போட்டீர்களா என்பதையும் ஒருக்கால் பாருங்கள்.

நரம்பாகிறது, ஆனால் நீட்டம் குட்டை, சினப்ஸ் இல்லை

நரம்புக்கலத்தின் அடையாளப் புரதங்களான பீட்டா-3 டியூபுலின் வருகிறது, மாப்2 கூட வருகிறது, ஆனால் வாரங்கள் போயும் கலங்கள் ஒன்றோடு ஒன்று பேசவில்லை, பேசும் சந்திப்பான சினப்ஸ் உருவாகவில்லை. ஊடகத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். என்2 மட்டும் என்றால் அதில் இன்சுலின், ட்ரான்ஸ்ஃபெரின், புரொஜெஸ்ரரோன், பியூட்ரெசின், செலனைற்று, அவ்வளவுதான்: மென்சவ்வு கட்ட ஒரு கொழுப்பமிலம்கூட இல்லை. பீ27 சேர்த்தாலும் டீஎச்ஏ (மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பமிலம்) இல்லை, கொலஸ்ரோல் இல்லை. நீட்டம் வளர்வது என்றால் மென்சவ்வின் பரப்பு கூடுகிறது என்று அர்த்தம், அதற்குச் சரக்கு எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்.

கொலஸ்ரோல் விஷயத்தில் 2001இல் வந்த ஒரு ஆய்வு முக்கியமானது. தனியாக வளர்த்த விழித்திரை நரம்புக்கலங்களில் சினப்ஸ் குறைவாக இருந்தது. நரம்புக்கலத்துக்குத் துணை நிற்கும் கிளியாக் கலங்கள் சுரப்பதைச் சேர்த்ததும் கூடியது, அந்தச் சுரப்பில் வேலை செய்த பொருள் அப்போஈ புரதம் சுமந்துவந்த கொலஸ்ரோல் என்று கண்டார்கள். ஆகவே மலிவான வழி, கிளியா வகையான அஸ்ரோசைட்டுகளோடு சேர்த்து வளர்ப்பது, அல்லது அவற்றின் பழைய ஊடகத்தை எடுத்து ஊற்றுவது. கொலஸ்ரோலை எதனோலில் கரைத்து நேரே சொட்டினால் ஊடகத்தில் பளிங்காகி மிதக்கும், கலத்துக்குப் போகாது. கொழுப்பைச் சுமக்கும் சீனி வளையமான சைக்ளோடெக்ஸ்ரினில் ஏற்றிக் கொடுக்கலாம், ஆனால் ஏற்றாத வெறும் மெதைல்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ரின் மென்சவ்வில் இருக்கிற கொலஸ்ரோலையும் உருவிக்கொண்டு போய்விடும். போத்தலில் எது என்று லேபிளை வாசித்துவிட்டு எடுங்கள்.

டீஎச்ஏ கொடுப்பது இன்னும் கவனமான வேலை. மூளையின் பொஸ்பற்றிடைல்செரீனிலும் பொஸ்பற்றிடைல்எதனோலமீனிலும் நிறைய இருப்பது இதுதான், எலி ஹிப்போகம்பஸ் நரம்புக்கலங்களில் 1 மைக்ரோமோலர் அளவிலேயே நீட்டம் நீளும். மீன் எண்ணெய் நல்லது என்பதால் அள்ளி ஊற்ற வேண்டாம். ஆறு இரட்டைப் பிணைப்பு உள்ள மூலக்கூறு, ஒட்சிசன் பட்டால் போய்விடும். கொழுப்பமிலம் நீக்கிய பீஎஸ்ஏயுடன் (மாட்டுச் சீர அல்புமின்) 37 பாகையில் கட்டுங்கள், ஒரு அல்புமினுக்கு இரண்டு மூன்று கொழுப்பமிலம் என்ற கணக்கைத் தாண்டாதீர்கள், தாண்டினால் கட்டுப்படாமல் மிஞ்சுவது சவக்காரமாகி மென்சவ்வைக் கரைக்கும். கட்டுப்பாட்டுக் கிணற்றில் அதே பீஎஸ்ஏ, அதே அளவு எதனோல் போக வேண்டும். வெறும் ஊடகத்தோடு ஒப்பிட்டு வரும் முடிவை நான் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் பீஎஸ்ஏ தானே கொழுப்பைப் பிடித்து இழுக்கும்.

நினைத்ததை விட முந்தியே நரம்பாகிவிடுகிறது, முன்னோடிக் கலங்கள் பெருகவில்லை

சந்தோஷப்படுகிற அறிகுறி இல்லை இது. கொலஸ்ரோல் ஆக்கும் பாதையின் கடைசிப் படியில் டீஎச்சீஆர்7 என்ற நொதி இருக்கிறது. அது வேலை செய்யாவிட்டால் 7-டிஹைட்ரோகொலஸ்ரோல் சேரும். அந்த நொதியில் குறை உள்ள ஸ்மித்-லெம்லி-ஒப்பிற்ஸ் நோயாளிகளிடம் இருந்து உண்டாக்கிய மூலக்கலங்களைக் கொலஸ்ரோல் இல்லாத ஊடகத்தில் வளர்த்தபோது அவை அவசரமாக நரம்பாகின, உவின்ற் என்ற சமிக்ஞைப் பாதை அடைபட்டதுதான் காரணம் என்று 2016இல் காட்டினார்கள்.

எங்கள் கலத்தில் அந்த நோய் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். மருந்துகளைச் சோதிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: அரிப்பிப்பிரசோல், ட்ரசடோன் போன்ற மனநல மருந்துகள் இந்த நொதியைத் தடுத்து அதே பொருளைச் சேர்க்கும். கொலஸ்ரோல் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்துகள் பாதையின் தொடக்கத்திலேயே அடைக்கும். மருந்தின் விளைவு என்று எழுதுவதற்கு முன் கொலஸ்ரோல் கொடுத்தும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

வயிற்றுப்புற வகை நரம்புக்கலம், அதாவது இயக்க நரம்பு, டோபமைன் நரம்பு, வரவில்லை

கலத்தை இந்த வகைக்குத் திருப்பும் சமிக்ஞைப் புரதமான சோனிக் ஹெட்ஜ்ஹொக் போட்டும் கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் ஊடகத்தின் கொழுப்பைப் பாருங்கள். ஹெட்ஜ்ஹொக் புரதமே உடலில் கொலஸ்ரோல் ஒட்டிய நிலையில்தான் வெளிவருகிறது, அதைக் கேட்கும் ஸ்மூதென்ட் புரதமும் கொலஸ்ரோலைப் பிடித்தால்தான் முழுதாக வேலை செய்யும். கொலஸ்ரோல் வற்றிய கலம் காது கேளாத கலம், இரட்டிப்பு அளவு போட்டாலும் காசுதான் நட்டம்.

மாறாத கலங்கள் கூட்டமாக மிஞ்சி நிற்கின்றன

பல்திறன் கலங்கள் ஒலெயிக் அமிலத்தைத் தாங்களே ஆக்கிக்கொள்வதில்தான் உயிர்வாழ்கின்றன. அதை ஆக்கும் நொதியைத் தடுக்கும் புளூரிசின்-1 என்ற பொருள் அவற்றை மட்டும் கொல்லும் என்று 2013இல் ஜெருசலேம் குழு காட்டியது. உங்களிடம் வேலை செய்யவில்லை என்றால் ஊடகத்தில் கொழுப்பு ஏறிய அல்புமின் இருக்கிறதா பாருங்கள். வெளியில் இருந்து ஒலெயிக் அமிலம் கிடைத்தால் கலம் தப்பிவிடும். கொழுப்பில்லாத அல்புமினுக்கு மாற்றிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். அடையாளத்துக்கு எஸ்எஸ்இஏ-4 பார்ப்பதானால் அடுத்த பகுதியை வாசித்த பிறகு பாருங்கள்.

சாயமிட்டால் ஒன்றுமே தெரியவில்லை, அல்லது எல்லாமே மினுங்குகிறது

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. புரதத்துக்குப் பழகிய கை அப்படியே இலிப்பிட்டுக்கும் போகிறது: நிலைப்படுத்தப் பரபோர்மல்டிஹைட்டு, பிறகு மென்சவ்வைத் துளைக்கச் சவக்காரம் போன்ற ட்ரைற்றன், பிறகு பிறபொருளெதிரி. பரபோர்மல்டிஹைட்டு அமைன் கூட்டங்களைத்தான் பிணைக்கும், காங்கிலியோசைட்டைக் கட்டிவைக்காது. அதற்கு மேல் ட்ரைற்றனை ஊற்றினால் பார்க்க வேண்டிய பொருள் கரைந்து கழுவலோடு தொட்டிக்குள் போய்விடும், மிச்சம் இருப்பது இடம் மாறி ஒட்டியிருக்கும். மெதனோல், அசற்றோன் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ஜீஎம்1 பார்க்க வேண்டும் என்றால் கலம் உயிரோடு இருக்கும்போதே டிஷ்ஷை ஐஸில் வைத்து, ஜீஎம்1இல் ஒட்டும், ஒளிரும் கொலரா நச்சின் பீ உபகூறை அரை மணித்தியாலம் போட்டு, குளிர்ந்த கரைசலால் கழுவி, அதற்குப் பிறகு நிலைப்படுத்துங்கள். ஐஸ் ஏன் என்றால், சூட்டில் கலம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு மேற்பரப்பில் இருந்ததா உள்ளே இருந்ததா என்று சொல்ல முடியாது. எங்கள் ஊர் வெக்கையில் ஐஸில் வைத்த டிஷ்ஷின் மூடியில் உடனே நீர் முத்துக்கும். அது உள்ளே சொட்டாமல் மூடியை அடிக்கடி துடையுங்கள். டியூபுலினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் ட்ரைற்றனுக்குப் பதில் சபோனினைக் குறைந்த செறிவில் பாவியுங்கள். சபோனின் போட்ட துளை திரும்ப மூடிக்கொள்ளும் என்பதால் அடுத்து வரும் எல்லாக் கரைசலிலும் அது இருக்க வேண்டும்.

அப்புறம் இரண்டாம் பிறபொருளெதிரி, முதல் பிறபொருளெதிரியைப் பிடித்து ஒளிர வைப்பது. கிளைக்கோ இலிப்பிட்டுக்கு எதிரானவை நிறைய ஐஜீஎம் வகை: காங்கிலியோசைட்டுக்கான ஏ2பீ5 ஐஜீஎம், எஸ்எஸ்இஏ-3க்கு வழக்கமாக விற்பதும் ஐஜீஎம். அலுமாரியில் இருக்கும் ஐஜீஜீக்கான இரண்டாமதைப் போட்டுவிட்டுக் கலத்தில் இலக்கு இல்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர். லேபிளில் வகையைப் பாருங்கள்.

கொலஸ்ரோலுக்குப் பிலிப்பின் சாயம் போடுகிறவர்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். புற ஊதா ஒளியில் கண் முன்னாலேயே மங்கும், குவியம் சரிசெய்துகொண்டிருக்கும்போதே பாதி போய்விடும். பக்கத்துப் பகுதியில் குவியம் பிடித்துவிட்டு, படம் எடுக்கும் இடத்துக்கு நகர்ந்து உடனே எடுங்கள். எஸ்தராக்கப்பட்ட கொலஸ்ரோலை அது காட்டாது.

ஊடகம் தெளிவாக இருக்கிறது, கலம் மட்டும் சோம்பலாக இருக்கிறது

மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சின்ன பற்றீரியா. கலச்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கு மசியாது, 0.22 மைக்ரோன் வடியிலும் புகுந்து வரும், ஊடகத்தைக் கலங்கவும் விடாது. இதைக் கொழுப்புப் பட்டியலில் ஏன் சேர்க்கிறேன் என்றால், பெரும்பாலான மைக்கோபிளாஸ்மாக்கள் தங்கள் மென்சவ்வுக்கான கொலஸ்ரோலைத் தாங்களே ஆக்குவதில்லை, உங்கள் கலத்திடம் இருந்துதான் எடுக்கின்றன. கொலஸ்ரோல் கொடுத்ததும் கலம் கொஞ்சம் தேறினால் குறையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள், மைக்கோபிளாஸ்மாவின் டீஎன்ஏயைத் தேடும் பீசீஆர் செய்யுங்கள். இருந்தால் டிஷ்ஷைக் கொட்டுங்கள்.

மாரியில் பங்கசு, மருந்து போட்டதும் நரம்புக்கலமும் சேர்ந்து சாகிறது

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இன்கியூபேற்றரின் நீர்த் தட்டு முதல் கதவின் றப்பர் வரை பங்கசு வரும், உடனே அம்ஃபோரெறிசின் பீ போடுவது வழக்கம். அந்த மருந்து பங்கசின் எர்கோஸ்ரரோலைப் பிடித்து மென்சவ்வில் துளை போடுகிறது. கொலஸ்ரோலிலும் கொஞ்சம் ஒட்டும், நரம்புக்கலம் அதைத் தாங்காது. நோய் வந்த டிஷ்ஷைக் காப்பாற்ற நினைக்காமல் வெளியே எடுத்து, தட்டைக் காய வைத்துக் கழுவுங்கள். எழுபது வீத எதனோலை மட்டும் நம்ப வேண்டாம், பங்கசு வித்திகள் அதற்குத் தப்பும்.

இலிப்பிட்டைப் பிரித்தெடுத்து அளந்தால் காங்கிலியோசைட் காணவில்லை

சாயம் நன்றாக விழுந்த அதே கலத்தில் அளவீடு பூச்சியம் என்றால் கலத்தைக் குறை சொல்லாதீர்கள். 1957இல் இருந்து எல்லாரும் செய்கிற ஃபோல்ச் முறையில் குளோரோபோமும் மெதனோலும் இரண்டுக்கு ஒன்று, பிறகு உப்புக் கரைசல் சேர்த்தால் இரண்டு படையாகப் பிரியும். பொஸ்போ இலிப்பிட்டும் கொலஸ்ரோலும் கீழ்ப் படையில் போகும், தலையில் சீனியும் சியாலிக் அமிலமும் சுமக்கும் காங்கிலியோசைட்டுகள் மேல் படைக்கு ஏறும். மேல் படையை ஊற்றிவிட்டுக் கீழ்ப் படையைப் பத்திரமாக எடுத்து வைப்பதுதான் வழக்கமான கை.

இரண்டு படையையும் கண்ணாடிக் குழாயில், டெஃப்லோன் உறை போட்ட மூடியோடு எடுங்கள். பிளாஸ்ரிக் குழாயில் குளோரோபோம் ஊற்றினால் பிளாஸ்ரிக்கின் கூட்டுப்பொருள்கள் கரைந்து மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றரில் பெரிய உச்சமாக நிற்கும். வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் நாளுக்கு முன்னரே உலர்த்தி வைக்காமல், ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பீஎச்ரீ கொஞ்சம் சேர்த்த கரைப்பானிலேயே மைனஸ் 80இல் வைத்திருந்து, அனுப்பும் அன்று நைதரசன் ஓட்டத்தில் உலர்த்தி, குழாயை நைதரசனால் நிரப்பி மூடுங்கள். மேல் படையை ஏற்கனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் அந்த மாதிரியில் ஜீஎம்1ஐத் தேடிப் பயனில்லை, உறைய வைத்திருக்கும் கல உருண்டை மிச்சம் இருந்தால் அதில் இருந்து புதிதாகத் தொடங்குங்கள்.